லக்சிகாவின் மேல்பல்

நயினாதீவு
05.02.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் இவரும் லக்சிகாவும் நல்ல சுகம். நீங்களும் சுகமாய் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடிகிறது, கேட்டால் சொல்ல ஆளில்லையே. பத்து நாளாய் உங்கள் போனுக்கு அடித்து அடித்து விரல் தேய்ந்ததுதான் மிச்சம். அதனால்தான் கடைசியில் கொப்பித் தாளைக் கிழித்து எழுதுகிறேன். ஊர்காவற்றுறை பேக்கரியிலிருந்து தினமும் காலையில் இங்கே பாண் கொண்டுவருகிற மரியநாயகம் அண்ணையிடம் கொடுத்துவிடுகிறேன். வெறும் பாண் பெட்டிக்குள் வருகிற கடிதம், துகள் ஒட்டியிருந்தால் தட்டிவிட்டு வாசியுங்கள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது? நான் குசினி வாசலில் காலை நீட்டி இருந்து, பிள்ளையைக் காலில் கிடத்தி எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். நீங்கள் படலையால் வந்து, சப்பாத்தையும் கழற்றாமல் என் பாதத்தடியில் குந்தி, "எங்கை, மாமாட்டைக் காட்டுங்கோ பாப்பம், பல்லு வந்திட்டுதோ?" என்று அவள் வாய்க்குள் விரலை விட்டீர்கள். விரலை எடுத்தபோது உங்கள் முகத்தில் இரத்தம் இல்லை. "படகு போகப் போகுது" என்றுவிட்டு எழும்பி ஓடினீர்கள். அடுத்த படகுக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது அண்ணா. நான் ஊற்றிய தேத்தண்ணியைக் கடைசியில் இவர்தான் குடித்தார்.

எனக்குக் காரணம் தெரியும். நீங்கள் வந்ததும் வராததுமாய் இவர் கதிரையில் இருந்தபடி, "மச்சான், நீங்கள் மாட்டுக்குப் பல்லுப் பாத்து வயசு சொல்லுற ஆள். எங்கை உங்கட வாயைத் திறவுங்கோ, சர்மிதா வீட்டுக்கு உண்மையான வயசைச் சொல்லுவம்" என்று பகிடி விட்டார். அது உங்களுக்குச் சுட்டுவிட்டது. முப்பத்தேழு வயதில் பொம்பிளை பார்க்கப் போகிற ஆளிடம் அப்படிக் கேட்கக் கூடாதுதான். நான் அவருக்கு நல்லாய் ஏச்சுக் கொடுத்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 23ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை லக்சிகாவுக்கு முதல் பல்லு வந்ததற்குப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டுகிறோம். எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். தேங்காய்ச் சொட்டைப் பல்லுப் போலக் குத்தி அவித்த கொழுக்கட்டையைப் பிள்ளையின் தலையில் கொட்டும்போது, பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். பிறகு தட்டத்தில் பரப்பி வைத்த சாமான்களில் பிள்ளை எதைத் தூக்குகிறதோ, அதுதான் நாளைக்கு அதன் தொழில். லக்சிகாவுக்கு இருக்கிற ஒரேயொரு தாய்மாமன் நீங்கள். கோபத்தை எங்கேயாவது வைத்துவிட்டு வாருங்கள்.

அன்புத் தங்கை
வதனி


கரம்பொன்
08.02.2025

அன்புள்ள தங்கை பிரியவதனிக்கு,

உன் கடிதம் பாண் வாசனையோடு கிடைத்தது. எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. நிமலனின் பகிடியை அன்றே மறந்துவிட்டேன். உண்மை என்னவென்றால், அன்று திரும்பி வரும்போது குறிகட்டுவான் இறங்குதுறையில் என் போன் கடலுக்குள் விழுந்துவிட்டது. புதிது வாங்க இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

பல்லுக்கொழுக்கட்டை பற்றி ஒரு கால்நடைப் போதனாசிரியர் என்ற முறையில் என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். நீங்கள் அவசரப்படுகிறீர்கள். ஒரு பல்லைக் கண்டவுடன் கொண்டாடுவதில் என்ன இருக்கிறது? பாற்பற்கள் மொத்தம் இருபது. எல்லாம் முளைத்து முடிய இரண்டரை வயதாகும். அப்போது வைத்தால் முழு வாய்க்கும் சேர்த்து ஒரே செலவாய் முடியும். மாட்டுக்கும் நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். இரண்டு வயதில் இரண்டு பல்லு மாறும், பிறகு நாலு, ஆறு, எட்டுப் பல்லும் மாறினால்தான் முழுவாய் என்று எழுதுவோம்.

மாட்டில் இன்னொரு வசதி உண்டு. அதற்கு முன்வாயில் கீழே மட்டும்தான் பல். மேலே வெறும் முரசு, ஈறு மட்டும். போன மாதம் இங்கே ஒருவர், பாவம், அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், புதிதாய்ப் பசு வாங்கி, மேல்பல் முழுக்க விழுந்த கிழட்டு மாட்டைத் தன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். உலகத்தில் எந்தப் பசுவுக்கும் மேலே முன்பல் இல்லை ஐயா என்று விளங்கப்படுத்த அரை நாள் போயிற்று. மனிதருக்கு மேலும் கீழும் முளைப்பதால்தான் இத்தனை கரைச்சல்.

அது கிடக்கட்டும். 23ஆம் திகதி எனக்கு நெடுந்தீவில் தடுப்பூசி முகாம் வரலாம் போல இருக்கிறது. நிமலனின் சிநேகிதர் யாரையாவது மடியில் வைத்திருக்கச் சொல். மடிதானே முக்கியம்.

மார்ச் 2ஆம் திகதி சர்மிதா வீட்டுக்குப் போவதில் மாற்றமில்லை. அதுவரை நான் கொஞ்சம் கவனமாய் இருக்க வேண்டும்.

அன்பு அண்ணன்
வே. கிருபானந்தன்


நயினாதீவு
11.02.2025

அண்ணாவுக்கு,

கடலுக்குள் விழுந்த உங்கள் போன் நல்ல சாதிப் போன். நேற்றும் அடித்தேன், கணீரென்று மணி போகிறது. பத்து முறை மணி போன பிறகும் மீன் எடுக்கவில்லை. பிறகு உங்கள் அலுவலகத்து நம்பருக்கு எடுத்தேன். கிறேஸ் அக்கா, "ஆர், கிருபா சேரோ? இஞ்சைதானே, இப்பதான் போனிலை கதைச்சுப்போட்டு வைச்சவர்" என்றார். நீங்கள் பக்கத்தில் நின்று அவருக்குக் கை காட்டினது எனக்குத் தெரியாதென்று நினைக்காதீர்கள். அவர் குரல் இடையில் மாறிவிட்டது.

முழுவாய் போட்ட பிறகு கொழுக்கட்டை கொட்ட, என் பிள்ளை என்ன சந்தைக்குப் போகிற மாடா? கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். இவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "உங்கட அண்ணைக்கு என்னவோ பிடிச்சிட்டுது வதனி, நான் நேரை போய் மன்னிப்புக் கேக்கிறன்" என்று வெளிக்கிட்டார். நான்தான் மறித்தேன். செய்யாத குற்றத்துக்கு எத்தனை தரம் மன்னிப்புக் கேட்பது?

நெடுந்தீவு முகாம் 14ஆம் திகதி என்பதையும் கிறேஸ் அக்கா சொன்னார். 23ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. எந்த மாடும் அன்றைக்கு உங்களைக் கூப்பிடவில்லை.

அண்ணா, எனக்கு உண்மையாகவே நோகிறது. அம்மா இருந்திருந்தால் மாவு குழைத்து, தேங்காய்ச் சொட்டு வெட்டி, நான்கு நாளைக்கு முதலே வந்து நின்றிருப்பார். அப்பாவும் இல்லை. அன்றைக்கு இந்த வீட்டில் எல்லோரும் இவருடைய ஆட்கள். கைலாசபதி மாமாவை விட்டால் என் பக்கத்து ஆள் என்று சொல்ல நீங்கள் ஒருவர்தான். அந்த ஒருவரும் யாரோ ஒரு மடியைப் பிடி என்று எழுதினால், நான் மாமிக்கு என்ன சொல்ல? மாடு பிடிக்கப் போய்விட்டார் என்றா?

என்ன குறை என்று நேராய்ச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இனி என் கடிதம் பாண் பெட்டியில் வராது.

வதனி


நெடுந்தீவு
16.02.2025

அன்புள்ள வதனி,

முகாம் முடிந்தும் இங்கேதான் இருக்கிறேன். ஏன் என்று கேள். முந்தாநாள் காலில் காயம்பட்ட ஒரு கட்டைக் குதிரைக்கு மருந்து கட்டக் கூப்பிட்டார்கள். வயதை எழுத வேண்டுமென்று அதன் சொண்டைத் தூக்கினேன். அது தலையை ஒரு வீசு வீசியது. என் மேல்சொண்டு வீங்கி மூக்கைத் தொடுகிறது. முன் மேல்பல் இரண்டும் ஆடுகின்றன. விரலால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், தொடத் தொட இன்னும் ஆடுவது போல இருக்கிறது. சொல்வதைக் கேட்டுச் சிரிக்காதே.

இனி மறைத்துப் பிரயோசனம் இல்லை. அன்றைக்கு நான் ஓடியது நிமலனின் பகிடிக்காக இல்லை. லக்சிகாவின் வாயில் நான் கண்டது மேல்பல். கீழே ஒன்றும் இல்லை, வெறும் முரசு. மேலே ஒரு வெள்ளை முனை. விரலிலும் பட்டது.

மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது உனக்கும் தெரியும். "உதெல்லாம் மூடநம்பிக்கை" என்று சொல்லப் போகிறாய். நான்கு தீவு விவசாயிகளுக்கும் அதைச் சொல்கிறவனே நான்தான். ஆனால் எனக்கும் மேல்பல்தான் முதலில் வந்தது. அம்மா சொன்னது ஞாபகம் இருக்கிறதா? எனக்குப் பல்லு வந்த அதே கிழமை கைலாசபதி மாமா ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் வழுக்கி விழுந்து மேல்பல் இரண்டையும் கொடுத்தார். அடுத்த மாதம் பேசியிருந்த கலியாணம் குழம்பியது. பொக்கை வாய் மாப்பிள்ளை வேண்டாம் என்று பொம்பிளை சொல்லிவிட்டாளாம். மாமா இன்றுவரை தனிக்கட்டை. பள்ளிக்கூடத்தில் பெடியள் என்னை "மாமன்ரை பல்லைத் திண்டவன்" என்றுதான் கூப்பிட்டார்கள். சின்ன வயதில் இதற்காக எத்தனை நாள் அழுதிருக்கிறேன் என்று யாருக்கும் சொன்னதில்லை.

இப்போது கணக்கைப் பார். எனக்கும் கலியாணம் பேசுகிறார்கள். எனக்கும் மருமகள். மேல்பல். பல்லைக் கண்டு மூன்று கிழமைக்குள் குதிரை. போன் எடுத்தால் நீ வீடியோவில் பிள்ளையின் வாயைக் காட்டுவாய் என்ற பயத்தில்தான் எடுக்கவில்லை. படத்தில் பார்த்தாலும் பலிக்குமோ என்று யாரைக் கேட்பது?

எனக்கு லக்சிகா என்றால் உயிர். ஆனால் சர்மிதாவை நான் படத்தில் பார்த்திருக்கிறேன் வதனி. ஒரு தரம் நேரில், பல்லோடு, அவளைப் பார்க்க ஆசையாய் இருக்கிறது. என்னை மன்னித்துக்கொள். 23ஆம் திகதி என்னால் ஏலாது.

கிருபா


கரம்பொன்
18.02.2025

வதனி,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். நேற்று மாலை கைலாசபதி மாமாவிடம் போனேன். என் சொண்டைப் பார்த்துவிட்டு, "என்னடா, ஆர் அடிச்சது?" என்றார். குதிரை என்றேன். "குதிரைக்கு நீ என்ன செய்தனி?" என்று குதிரையின் பக்கம் நின்று கேட்டார்.

மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "மாமா, உங்கட பல்லுப் போனது என்னாலைதானே?" என்றேன். இல்லையடா, அது பாசியில் வழுக்கினது என்று சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன். அவர் கட்டுப்பல்லைக் கழற்றிக் கோப்பையில் போட்டுவிட்டு, "ஓம், உன்னாலைதான்" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நானும் அப்பிடித்தான் நம்பினனான். விழுந்து ரெண்டாம் நாள் உனக்குக் கொழுக்கட்டை. வாய் பூசணிக்காய் மாதிரி. போகாதை, மிச்சப் பல்லும் போகும் எண்டு எல்லாரும் மறிச்சவை. நம்பிக்கொண்டுதான் வந்தனான். நீ என்ர மடியிலைதான் இருந்தனி. கொழுக்கட்டையைக் கடிக்க ஏலாமல் சூப்பிச் சூப்பித் திண்டனான்."

நான் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். "பின்னை என்ன, கொம்மா வேறை ஆற்றை மடியிலை உன்னை வைக்கிறது?" என்றார். அதற்குப் பிறகு எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. வெட்கமாய் இருந்தது. யாரோ ஒரு மடி என்று நான் உனக்கு எழுதிய கை இது.

வருகிறேன் வதனி. நான் இன்னும் நம்புகிறேன், பொய் சொல்லவில்லை. பல்லு இன்னும் ஆடுகிறது, பயமும் அப்படியே இருக்கிறது. போகிற பல்லுப் போகட்டும், கட்டுப்பல்லு எங்கே கட்டுவது என்று மாமாவிடம் விசாரித்து வைத்துவிட்டேன். சர்மிதா வேண்டாம் என்றால் அது அவளுடைய விருப்பம். லக்சிகாவை வேறு யாரும் மடியில் வைக்க நான் விடமாட்டேன். தட்டத்தில் வைக்க நானும் ஒரு சாமான் கொண்டுவருகிறேன்.

மாமாவையும் கூட்டி வருகிறேன். அவருக்கு மெதுவான கொழுக்கட்டையாய்ப் பத்து அவித்து வை.

அண்ணா


நயினாதீவு
24.02.2025

என் அண்ணாவுக்கு,

நேற்று நீங்கள் போன பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது. சுவரோரத்தில் இன்னும் கொழுக்கட்டை பொறுக்குகிறேன். நீங்கள் வாய்க்கு மாஸ்க் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பிள்ளையை மடியில் வைத்திருந்த படத்தை இவர் எல்லோருக்கும் காட்டுகிறார். சத்திர சிகிச்சைக்குப் போன ஆள் மாதிரி இருக்கிறீர்கள்.

தட்டத்தில் புத்தகம், பேனை, சங்கிலி என்று நாங்கள் ஒழுங்காய் வைத்திருக்க, நடுவில் கொண்டுவந்து அந்தப் பிளாஸ்டிக் மாட்டுத் தாடையை வைத்தீர்களே! விவசாயிகளுக்குப் பாடம் எடுக்கிற சாமானாம். பிள்ளை சங்கிலியைத் தட்டிவிட்டு, நேரே தவழ்ந்துபோய் அந்தத் தாடையைத்தான் தூக்கினாள். மாமியின் முகத்தைப் பார்த்தீர்களா? இவர், "சரி, குடும்பத்திலை ரெண்டாவது மாட்டு டொக்டர்" என்றதும் கைலாசபதி மாமா சிரித்த சிரிப்பில் கட்டுப்பல்லு கழன்று பாயில் விழுந்தது. நான் இவ்வளவு சிரித்து எத்தனையோ காலம்.

இப்போது நான் ஒரு களவைச் சொல்ல வேண்டும். இதோடு ஒரு தாள் மடித்து வைத்திருக்கிறேன். உங்கள் நெடுந்தீவுக் கடிதத்துக்கு 18ஆம் திகதி நான் எழுதிய பதில் அது. மறுநாள் காலை அதை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டு ஓடிப்போனால், மரியநாயகம் அண்ணை பாண் பெட்டியிலிருந்து உங்களுடைய அடுத்த கடிதத்தை எடுத்து நீட்டினார். படலையடியில் நின்றே வாசித்தேன், வாசித்து அழுதேன். பாண் வாங்க மறந்துபோய்விட்டேன். என் கடிதத்தை அலுமாரிக்குள் ஒளித்து வைத்துவிட்டேன். அதை நீங்கள் வாசித்துவிட்டு வந்திருந்தால் சும்மா வந்ததாய் இருக்கும். எனக்காக ஒருவர் பயந்து பயந்தும் வருகிறார் என்பதை நான் ஒரு தரம் பார்க்க வேண்டும் போல இருந்தது. சுயநலம்தான், பேசுங்கள். இனி அதை வாசியுங்கள்.

"அண்ணா, ஒரு சின்னக் கேள்வி. அன்றைக்கு நீங்கள் எங்கே குந்தினீர்கள்? என் பாதத்தடியில். பிள்ளையின் தலை எந்தப் பக்கம் இருந்தது? அதே பாதத்தடியில். அவள் என் முகத்தைப் பார்த்துக் கிடந்தாள். நீங்கள் அவளைத் தலைமாட்டிலிருந்து பார்த்தீர்கள். தலைகீழாய்! உங்களுக்கு மேலே தெரிந்தது அவளுடைய கீழ்த் தாடை. அவளுக்கு முளைத்தது கீழ்ப்பல், ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் போல. உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. மாட்டை விழுத்தி எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் பல்லு இருக்கிற பக்கம்தான் கீழ்ப்பக்கம். பதினைந்து வருஷமாய் உங்களுக்கு எது மேல், எது கீழ் என்று யோசிக்கிற தேவையே வரவில்லை. கேட்டிருந்தால் ஒரு சொல்லில் சொல்லியிருப்பேனே. குதிரை அடித்தது குதிரையின் வாய்க்குள் கை விட்டதற்கு. வேறு காரணம் ஒன்றும் இல்லை."

இதுதான் அது. கோபமென்றால் போனில் ஏசுங்கள். கடலுக்குள் இருக்கிற போன் என்றாலும் பரவாயில்லை.

வதனி


கரம்பொன்
03.03.2025

அன்புள்ள வதனிக்கு,

போனில் சொல்லலாம்தான். ஆனால் கடிதத்தில் தொடங்கியதைக் கடிதத்தில் முடிக்கிறேன். மரியநாயகம் அண்ணையும், "என்ன சேர், இந்தக் கிழமை ஒண்டும் இல்லையோ?" என்று கேட்கிறார்.

உன் களவுக்கு என் களவு சரி. எனக்கு அது 23ஆம் திகதியே தெரியும். கொழுக்கட்டை கொட்டும்போது உன் மகள் திரும்பி என் பெருவிரலைக் கவ்விக்கொண்டாள், ஞாபகமா? நான் கத்தியது கொழுக்கட்டை விழுந்ததற்கு இல்லை. நகம் மேலே, சதை கீழே இருக்கிறபடி கடித்தாள். திரும்பி வருகிற படகில் விரலைப் பார்த்தேன். நகப் பக்கத்தில் ஒன்றுமில்லை. சதைப் பக்கத்தில் சின்னதாய் இரண்டு புள்ளி. பதினைந்து வருஷம் பல்லுப் பார்த்தவனுக்கு அது போதும். குறிகட்டுவானில் இறங்கும் முன்பே நான் எங்கே குந்தியிருந்தேன் என்பதும் ஞாபகம் வந்துவிட்டது. மாமாவிடம் சொன்னேன். "வாயை மூடிக்கொண்டிரு, தங்கச்சி உன்னை வீரன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள்" என்றார். அதுதான் இருந்துவிட்டேன். எனக்கும் அப்படி யாராவது நினைத்தால் நல்லாய்த்தான் இருந்தது.

நேற்று வேலணைக்குப் போனோம். சர்மிதா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். பெரியவர்கள் கதைத்துக்கொண்டிருக்க, "ஏன் சிரிக்கேக்கை வாயைப் பொத்துறீங்கள்?" என்று மெதுவாய்க் கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மேல்பல், போன், குதிரை, மாஸ்க், ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. முதலில் சொண்டைக் கடித்து அடக்கிப் பார்த்தாள். பிறகு அவளால் ஏலாமல் போய்ச் சத்தமாய்ச் சிரித்தாள். வீடு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவளுடைய தாய் முழுசினார், அவள் நிறுத்தவில்லை. வதனி, எனக்கு அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. அவளுக்கும் சம்மதம் என்று இன்று காலை ஆள் வந்து சொன்னது. என் இரண்டு பல்லும் இப்போது அசையவில்லை.

அவளுக்கு மேலே வலப் பக்கத்தில் ஒரு தெத்துப்பல் இருக்கிறது. நேருக்கு நேர் இருந்து, நெற்றி மேலே, நாடி கீழே என்று நிச்சயப்படுத்திக்கொண்டுதான் பார்த்தேன்.

அன்பு அண்ணா
கிருபா